132 பேர் சபையில் ஒரே பெண்

1927-ம் ஆண்டு. சென்னை ராஜதானி அப்போது மிகப் பெரியது. தமிழ் ஜில்லாக்கள் மட்டுமல்ல. ஆந்திரத்தின் பெரும்பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதில் அடக்கம். இத்தனை பெரிய ராஜதானிக்குச் சட்டம் செய்யும் சபையில் 132 அங்கத்தினர்கள் இருந்தார்கள். ஜமீன்தார்கள், மிராசுதார்கள், வக்கீல்கள், வியாபாரிகள், வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

அந்த 132 பேரில் ஒரே ஒருவர்தான் பெண்.

அவர் ராணியும் அல்ல, ஜமீன்தாரிணியும் அல்ல. புதுக்கோட்டையில் பிறந்து, படித்து, டாக்டர் பட்டம் பெற்ற ஒரு குடும்பப் பெண். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்பது அவர் பெயர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி பூனன் லூகோஸ் என்ற அம்மையார் இதற்கு முன்பே சட்டசபையில் இடம் பெற்றிருந்தார். ஆனால் பிரிட்டிஷார் நேராக ஆண்ட மாகாணங்களில், சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண்மணி முத்துலட்சுமி அம்மையார்தான்.

அவர் அந்தச் சபையில் இருந்தது சுமார் மூன்றரை ஆண்டுகளே. ஆனால் அங்கே அவர் கிளப்பிய ஒரு கேள்விக்கு முழு விடை கிடைக்க இருபது ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அவர் பதவியை விட்டுப் போய்விட்டார். கேள்வியை மட்டும் விடவில்லை.

அந்தக் கேள்வி என்ன? அது அவர் மனத்தில் எப்படி எழுந்தது?

புதுக்கோட்டையில் பிறந்த பெண்

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி முத்துலட்சுமி பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி அய்யர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்த பெரிய படிப்பாளி. தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் மரபில் வந்தவர். ஜாதி விட்டு ஜாதி செய்துகொண்ட இந்தத் திருமணத்தால் நாராயணசாமி அய்யரை உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் பெண் குழந்தைக்கு எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். பால் கணக்கும் வண்ணான் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும் என்பார்கள். ஆனால் நாராயணசாமி அய்யர் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பெண் பெரியவளானதும் ஊர் வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றது. படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே தகப்பனார் சொல்லிக் கொடுத்தார். தாயாருக்கோ பெண்ணைக் காலாகாலத்தில் கல்யாணம் செய்து கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை. பெண்ணுக்கோ புத்தகத்தில் ஆசை. 1902-ம் ஆண்டு, வீட்டில் படித்தபடியே மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதித் தேறினார் முத்துலட்சுமி.

அடுத்தது காலேஜ். புதுக்கோட்டையில் இருந்த ஒரே காலேஜ் ஆண்களுடையது. மனுப் போட்டதும் ஊரில் சலசலப்பு கிளம்பியது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று சிலர் ஆட்சேபித்தார்கள். விஷயம் மகாராஜா வரை போனது. அப்போது மன்னராக இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் புதுமை விரும்பி. பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் உத்தரவு போட்டார்.

மூடிய வண்டியில் முத்துலட்சுமி காலேஜுக்குப் போய் வந்தார். வகுப்பில் அவருக்கும் பையன்களுக்கும் நடுவே திரை தொங்கியது. திரை பாடத்தை மறைக்கவில்லை. இன்டர்மீடியட் பரீட்சையிலும் அவர் தேறினார்.

கத்தியைப் பிடித்த கை

1907-ம் ஆண்டு சென்னை மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். அங்கே படித்த பெண்களை அந்நாளில் விரல் விட்டு எண்ணிவிடலாம். உடம்போ பலவீனமானது, அடிக்கடி மூச்சு முட்டல் வந்து வாட்டும். வீட்டிலும் பணக் கஷ்டம். இத்தனைக்கும் நடுவில் பரிசுகளும் பதக்கங்களும் அவரைத் தேடி வந்தன. பெண்களுக்கு ஒத்து வராது என்று பலர் நினைத்த ரண சிகிச்சைப் பாடத்திலேயே அவர் பேர் எடுத்தார். 1912-ம் ஆண்டு பட்டம் பெற்று வெளியே வந்தார். சென்னையில் அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

கல்யாணமே வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தார். கல்யாணம் ஆனால் பெண்ணுக்குச் சுதந்தரம் போய்விடும் என்ற பயம். டாக்டர் சுந்தர ரெட்டி அவரை மணக்க விரும்பியபோது, முத்துலட்சுமி ஒரு நிபந்தனை போட்டார். மனைவியைத் தமக்குச் சமமாக நடத்த வேண்டும். அவள் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். 1914-ம் ஆண்டு திருமணம் நடந்தது. சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார் என்பதற்கு அம்மையாரின் பிற்கால வாழ்க்கையே சாட்சி. தம்பதிக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள்.

தங்கையின் மரணம்

1923-ம் ஆண்டு அந்தக் குடும்பத்தில் ஓர் இடி விழுந்தது. முத்துலட்சுமியின் தங்கை நோயில் படுத்தாள். முதலில் சீதபேதி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். அது சீதபேதி அல்ல; குடலில் வந்த புற்றுநோய். தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே அவள் கண் மூடினாள்.

அக்காள் டாக்டர். அத்தானும் டாக்டர். வீட்டில் இரண்டு டாக்டர்கள் இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த வேதனை முத்துலட்சுமி அம்மையாரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. 1925-ம் ஆண்டு மேல் படிப்புக்காக அவர் இங்கிலாந்து போனார். பெண்கள், குழந்தைகள் நோய் பற்றிப் படித்ததோடு, லண்டனில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் போய் அந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொண்டார். 1926-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பெண்கள் வாக்குரிமைக்காக உலக மாநாடு நடந்தது. அதில் இந்திய மாதர் சங்கத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்.

டாக்டராகப் போனவர், பெண்களின் உரிமைக்காகப் பேசும் பிரதிநிதியாகவும் திரும்பி வந்தார்.

தேடி வந்த பதவி

சென்னை சட்டசபை 1921-ம் ஆண்டே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்துவிட்டது. இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். ஆனால் சொத்து உள்ளவர்களுக்குத்தான் அந்த நாளில் ஓட்டு. பெண்கள் பேரில் சொத்து எங்கே இருந்தது? அதனால் ஓட்டுப் பெற்ற பெண்கள் சொற்பம். சபையில் உட்காரும் உரிமையோ 1926-ல்தான் கிடைத்தது. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்தியாயா துணிந்து நின்றார். மிகச் சில ஓட்டுகளில் தோற்றுப் போனார்.

தேர்தலில் பெண் யாரும் வரவில்லை. ஆகவே கவர்னர் நியமிக்கும் இடங்களில் ஒன்றையாவது ஒரு பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மாதர் சங்கம் கேட்டது. சங்கம் யோசித்துச் சொன்ன பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அம்மையார் தயங்கினார். நோயாளிகளை யார் பார்ப்பது, வைத்தியத் தொழில் என்ன ஆவது என்று யோசித்தார். நண்பர்கள் விடவில்லை. சரி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சபைக்குள் வந்ததும் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. புதிதாக வந்த அந்த ஒரே பெண்ணைச் சபை ஏகமனதாக உபதலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஒரு சட்டசபையின் உபதலைவர் நாற்காலியில் பெண் ஒருவர் அமர்ந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்று சொல்வார்கள்.

மரியாதை கிடைத்துவிட்டது. நாற்காலியும் கிடைத்துவிட்டது. அதோடு திருப்தி அடைந்து சும்மா இருந்திருக்கலாம். அம்மையார் சும்மா இருக்கவில்லை.

பொட்டுக் கட்டும் வழக்கம்

1927-ம் ஆண்டு நவம்பரில் அவர் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கோயில்களுக்குச் சிறு பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை நிறுத்த அரசாங்கம் சட்டம் செய்ய வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்ன வழக்கம் என்றே தெரியாது. சிறு பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். சாமிக்கே மனைவி என்று சொல்லி அவள் கழுத்தில் பொட்டுக் கட்டுவார்கள். அது தாலி மாதிரி. அதன் பிறகு அவள் யாரையும் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. ஆடல், பாடல், கோயில் ஊழியம் இவைதான் அவள் வாழ்வு. ஆதி நாளில் இந்தப் பெண்களுக்குக் கோயிலிலும் ஊரிலும் மதிப்பு இருந்தது. சங்கீதத்தையும் நாட்டியத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்களே. ஆனால் காலம் மாற மாற, பணக்காரர்களின் ஆசைக்குப் பெண் குழந்தைகளைப் பலி கொடுக்கும் வழியாகப் பல இடங்களில் அது ஆகிவிட்டது.

பொட்டுக் கட்டும்போது அந்தப் பெண்ணின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா? எட்டு வயதுப் பெண்ணுக்குச் சம்மதம் என்றால் என்னவென்று தெரியுமா? அம்மையாரின் வாதத்தின் உயிர்நிலை இதுதான்.

இந்த விஷயம் அவருக்குப் புத்தகத்தில் படித்தது அல்ல. தாயார் வழி உறவில் கண்ணால் கண்டது. தகப்பனார் மட்டும் பிடிவாதமாகப் படிக்க வைக்காவிட்டால் தம் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

பெண் குழந்தைகளைத் தீய தொழிலுக்கு விற்பது பீனல் கோடில் முன்பே குற்றம்தான். பிறகு ஏன் புதுச் சட்டம்? கோர்ட்டில் அந்தக் குற்றத்தை நிரூபிக்க வேண்டுமே! எந்த எண்ணத்தோடு பொட்டுக் கட்டினார்கள் என்று சாட்சி வைத்து நிரூபிப்பது மிகக் கடினம். சாமிக்குச் செய்த நேர்த்திக்கடன் என்று சொன்னால் வழக்கு அதோடு போயிற்று. ஆகவே பொட்டுக் கட்டுவதையே நேராகத் தடுக்க வேண்டும் என்றார் அம்மையார்.

சபை தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் என்பது சபை அரசாங்கத்துக்குச் சொல்லும் யோசனை. அதை மீறியவனைப் போலீஸ் பிடிக்காது.

நிலம் என்ற கயிறு

இங்கேதான் அம்மையாரின் புத்தி நுட்பம் தெரிகிறது. வழக்கத்தைக் கெட்டது என்று மேடையில் திட்டிவிட்டுப் போவது சுலபம். அந்த வழக்கம் ஏன் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர் பார்த்தார்.

காரணம், நிலம்.

பழைய ராஜாக்கள் கோயில் ஊழியம் செய்யும் இந்தக் குடும்பங்களுக்கு இனாமாக நிலம் விட்டிருந்தார்கள். ஊழியம் நடக்கும் வரைதான் நிலம். குடும்பத்தில் ஒரு பெண் பொட்டுக் கட்டிக்கொண்டு ஊழியத்துக்குப் போனால் நிலம் தங்கும். போகாவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடும். வீட்டில் உள்ள பாட்டி, தாய், தம்பி எல்லாரும் சாப்பிடுவது அந்த நிலத்தில் விளையும் நெல்லை. ஆகவே மனம் இல்லாவிட்டாலும் வயிற்றுக்காக ஒரு பெண்ணைப் பொட்டுக் கட்டினார்கள். மகளைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுக்க ஆசைப்பட்ட தாய்கூட நிலத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

நிலத்தைப் பறித்துக்கொண்டு வழக்கத்தை ஒழித்தால் அந்தக் குடும்பங்கள் தெருவில் நிற்கும். நிலத்தையும் ஊழியத்தையும் சேர்த்துக் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால்?

அதைத்தான் அம்மையார் செய்தார். இந்து மத அறநிலையச் சட்டத்துக்கு அவர் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார். 1929-ம் ஆண்டு அது சட்டம் ஆயிற்று. அதன்படி, இனாம் நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்க வழி பிறந்தது. பெண்ணைப் பொட்டுக் கட்டாவிட்டாலும் நிலம் போகாது. நிலத்தை வைத்துக்கொண்டே மகளுக்குக் கல்யாணம் செய்யலாம், பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பலாம்.

பொட்டுக் கட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பொட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அது எடுத்துவிட்டது. பாதி வேலை முடிந்தது.

எதிர்ப்பு

எதிர்ப்பு எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. மத விஷயத்தில் சர்க்கார் கை வைக்கலாமா என்று வைதிகர்கள் கேட்டார்கள். பெரிய தலைவர்கள் சிலரும் வழக்கத்தை ஆதரித்துப் பேசினார்கள். சத்தியமூர்த்தி போன்ற தேசபக்தர்கள்கூட அம்மையாரோடு இந்த விஷயத்தில் உடன்படவில்லை.

அந்தப் பெண்களிலேயே பலர் எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் சங்கம் கூடி அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். எங்களை எல்லாம் விலைமாதர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடாதீர்கள். கலையும் பக்தியும் எங்கள் சொத்து. எங்களுக்குப் படிப்பைக் கொடுத்து உயர்த்துங்கள் என்று கேட்டார்கள். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. கோயிலை நம்பிக் கலையை வளர்த்த பெண்கள் பலர் பிற்காலத்தில் ஆதரிப்பார் இல்லாமல் கஷ்டப்பட்டது உண்மை.

1932-ம் ஆண்டு இறுதியில் இது பத்திரிகைகளில் பெரிய வாதமாகவே நடந்தது. நாட்டியக் கச்சேரிகளே கூடாது என்று அம்மையார் எழுதினார். கலை என்ன பாவம் செய்தது என்று வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர் பதில் எழுதினார். கிருஷ்ணய்யர் போன்றவர்களின் முயற்சியால் சதிர் என்ற ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் புது மேடை ஏறியது. கலை அழியவில்லை. ஆனால் அதைக் காத்து வந்த குடும்பங்களுக்கு அந்த மேடையில் கிடைத்த இடம் சிறியது.

ஆதரவும் அந்தப் பெண்களிடமிருந்தே வந்தது. அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தஞ்சைச் சீமையில் ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக் கட்டுவதை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். காந்தியடிகளும் முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியை ஆதரித்துத் தம் பத்திரிகையில் எழுதினார்.

சபையில் வேறு என்ன செய்தார்?

குழந்தைகளுக்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகளை டாக்டர்கள் பரிசோதிக்க வேண்டும் என்றார். ஏழைப் பெண்களின் படிப்புக்காக வாதாடினார். முஸ்லிம் பெண்கள் தங்கிப் படிக்க விடுதி வேண்டும் என்று பாடுபட்டார். விபசார விடுதிகளை ஒழிக்கும் சட்டம் 1930-ல் வந்ததில் அவர் பங்கு பெரிது.

பால்ய விவாகத்தை அவர் டாக்டர் கண்ணோடு பார்த்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை பெற்றுச் சாகும் பெண்களைப் பிரசவ ஆஸ்பத்திரியில் பார்த்தவர் அல்லவா? பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று 1928-ல் சபையில் வற்புறுத்தினார். 1929-ல் இந்தியா முழுவதற்கும் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தது. அம்மையார் கேட்டது அதைவிட அதிகம்.

இந்தியாவின் கல்வி நிலையை ஆராய ஹார்ட்டாக் கமிட்டி ஒன்றை அமைத்தார்கள். அதிலும் அவர் அங்கத்தினர். ஊர் ஊராகப் போய்ப் பெண்கள் படிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து வந்தார்.

ராஜிநாமா

1930-ம் ஆண்டு வந்தது. பொட்டுக் கட்டுவதை அடியோடு தடுக்கும் மசோதாவை அம்மையார் சபையில் வைத்தார். ஆனால் வெளியே நாடு கொந்தளித்துக்கொண்டிருந்தது. உப்பு சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. மே மாதம் காந்தியடிகளைக் கைது செய்தார்கள்.

அம்மையார் முன்னால் இரண்டு வழிகள். சபையிலேயே இருந்தால் மசோதாவைச் சட்டமாக்கப் போராடலாம். வெளியேறினால் மசோதா அநாதை ஆகும். ஆனால் காந்தியடிகளைச் சிறையில் அடைத்த சர்க்கார் கொடுத்த நாற்காலியில் உட்கார அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. பதவியை ராஜிநாமா செய்தார்.

அதன் பலனை அவர் அறியாதவர் அல்ல. மசோதா கிடப்பில் போயிற்று. ஊர்களில் பொட்டுக் கட்டுவது தொடர்ந்தது. ஆண்டுகள் ஓடின.

கதவைத் தட்டிய பெண்கள்

அதே சமயத்தில் மூன்று இளம் பெண்கள் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பொட்டுக் கட்டும் குடும்பத்துப் பெண்கள். அந்த வாழ்க்கை வேண்டாம், படிக்க வேண்டும் என்று ஓடி வந்தவர்கள். அம்மையார் அவர்களுக்காக விடுதியில் இடம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் பிறந்த குலத்தைச் சொல்லி இடம் மறுத்துவிட்டார்கள்.

சட்டசபையில் பேசியாயிற்று. தீர்மானம் போட்டாயிற்று. ஆனால் வாசலில் நிற்கும் மூன்று பெண்களுக்கு இன்று இரவு படுக்க இடம் எங்கே? இந்தக் கேள்விக்குச் சபை பதில் சொல்லாது. அம்மையார் அவர்களைத் தம் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்.

அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. ஔவைப் பாட்டியின் பெயரை அதற்கு வைத்தார். எந்த ஜாதி, எந்தக் குலம் என்ற கேள்வி அங்கே கிடையாது. ஆதரவு இல்லாத பெண்ணா? உள்ளே வா என்பதுதான் அதன் சட்டம். மூன்று பேரில் தொடங்கிய இல்லம் வளர்ந்தது. அடையாற்றில் பள்ளிக்கூடம் எழுந்தது. அங்கே தங்கிப் படித்த பெண்கள் உபாத்தியாயினிகளாகவும் நர்ஸுகளாகவும் வெளியே வந்தார்கள்.

இருபது வருஷம் கழித்து

அம்மையார் விட்டுவந்த நாற்காலி பெண்களுக்குப் பழக்கமாகத் தொடங்கியது. 1937-ல் ருக்மிணி லட்சுமிபதி சட்டசபையின் உபதலைவர் ஆனார். 1946-ல் அவரே சென்னை மாகாணத்தின் முதல் பெண் மந்திரியும் ஆனார்.

பொட்டுக்கட்டு ஒழிப்புக்கு நேரம் வந்தது 1947-ல். நாடு சுதந்தரம் பெற்ற அதே ஆண்டின் இறுதியில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாக இருந்தபோது, தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை சட்டசபையில் நிறைவேறியது. கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக் கட்டுவது குற்றம் ஆயிற்று. பொட்டுக் கட்டிய பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று ஆயிற்று.

1927-ல் கேட்ட கேள்விக்கு 1947-ல் விடை. முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது அம்மையாருக்கு வயது 41. சட்டம் வந்தபோது 61.

பன்னிரண்டு கட்டில்கள்

தங்கையை அவர் மறக்கவில்லை. 1935-ல் மெடிக்கல் காலேஜின் நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். புற்றுநோய் வந்தால் சாக வேண்டியதுதான், அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று நினைத்த காலம் அது. அம்மையார் மாதர் சங்கத்தின் மூலம் ஊரெல்லாம் நன்கொடை திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. அன்று அங்கே இருந்தவை 12 படுக்கைகளே. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே வைத்தியம் பார்த்தார். மறு ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அந்த ஆஸ்பத்திரி பின்னால் தேசம் முழுவதும் பேர் பெற்றது.

1956-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி, 81-வது வயதில் அவர் காலமானார்.

ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் பண உதவி கொடுக்கும் தமிழக அரசின் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த நாளான ஜூலை 30-ஐ ஆஸ்பத்திரி தினமாகக் கொண்டாடுவது என்று 2019-ல் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் பணத்தை வாங்கும் பெண்கள் பலருக்கு முத்துலட்சுமி ரெட்டி யார் என்று தெரியாமல் இருக்கலாம். அதனால் குற்றம் இல்லை.

அவரால் நிலம் தங்கிய குடும்பங்கள் உண்டு. அவர் வீட்டுச் சோற்றைத் தின்று படித்த பெண்கள் உண்டு. பொட்டு என்ற சொல் இன்று நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு நெற்றியில் வைக்கும் குங்குமத்தை மட்டுமே நினைவூட்டுகிறது. அந்த அம்மையாருக்கு இதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் வேறு என்ன வேண்டும்?